ஏழு நாள் பிடித்த கயிறு

தாழந்துறையில் கித்தேரி என்ற பெண்பிள்ளை பதினாறு வயசில் ஊருக்கெல்லாம் மச்சான் ஆனாள். எப்படி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஆனால் எந்தக் கதையும் ஒரு கயிற்றில்தான் தொடங்கும். ஆகையால் நாமும் கயிற்றிலேயே தொடங்குவோம்.

தொப்பிக்காரர்கள் கொடியேற்றி, கரைக்கு மட்டுமல்ல, கடலடியில் கிடக்கிற சிப்பிக்கும் தாங்களே எசமான் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் உப்பங்கழியும் ஒரு பக்கம் தாழைப்புதரும் நடுவில் மாதா கோவிலுமாக இருந்த அந்தத் துறையில் மூன்று பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் விட்டுப் பிரியாமல் வளர்ந்தார்கள். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ரகசியம் இருந்தது, அந்த ரகசியம் மற்ற இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

கித்தேரியுடையது கையில் இருந்தது. எந்தக் கயிற்றைப் பிடித்தாலும் மறுமுனையில் இருப்பது எதுவோ அதன் மனசு அவள் உள்ளங்கைக்கு வந்துவிடும். ஆட்டுக் கயிற்றைப் பிடித்தால் ஆட்டின் பசி வரும், தொட்டில் கயிற்றைப் பிடித்தால் பிள்ளைக்கு வயிற்றில் எந்த இடத்தில் வலிக்கிறது என்று வரும், கிணற்றுக் கயிற்றைப் பிடித்தால் தண்ணீருக்கும் ஏதோ ஒரு சலிப்பு இருக்கிறது என்று வரும். வித்தை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அது பாட்டுக்கு வருது, நான் என்னலே செய்ய?" என்பாள்.

தொம்மைக்கு மூச்சு தீராது. ஏழு வயசில் கோவில் கிணற்றில் விழுந்து, ஊர்க்காரர்கள் பாதாளக்கரண்டி தேடி மூன்று தெரு அலைந்து திரும்பும்வரை அடியில் உட்கார்ந்து ஒரு தவளையோடு விளையாடிக்கொண்டிருந்தவன் அவன். தண்ணீர் குறைவாக இருந்ததால் பிழைத்தான் என்று ஊர் தன் சௌகரியத்துக்கு நம்பிக்கொண்டது. மூன்றாவது ஆள் இராயப்பன், கடல்கட்டியின் மகன். கடல்கட்டி என்றால், முத்துக் குளிக்கிற நாட்களில் கரையில் உட்கார்ந்து மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுகிறவர். பரம்பரைத் தொழில், பெரிய மரியாதை. அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மகன் கடலில் காலை நனைத்தால் போதும், எங்கெங்கோ கிடக்கிற சுறாவெல்லாம் வந்து அவன் கெண்டைக்காலை முகர்ந்து உரசிக் குழையும். பாவம், அவன் பதினேழு வயசுவரை கணுக்காலுக்கு மேல் நனையாமல், "எனக்குச் சளி பிடிக்கும்" என்று சொல்லியே காலத்தை ஓட்டினான்.

இப்படி இருக்கையில்தான் சலாபம், அதாவது முத்துக்குளிப்புக் காலம், வந்தது. பதினோரு வருஷம் சிப்பியே விளையாமல் மலடாகக் கிடந்த கடலில் ஒரு மாசி மாதம் சிப்பி பழுத்துக் கிடப்பதாகச் சேதி வர, சலாபத் துரை கூடாரம் அடித்தார், வியாபாரிகள் வண்டி கட்டி வந்தார்கள், தாழந்துறைத் தோணிகளுக்கெல்லாம் புதுத் தார் பூசினார்கள். ஆம்பிளைகள் எல்லாரும் கடலைப் பார்த்து நிற்க, தொம்மை மட்டும் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். காரணம் இருக்கிறது.

முத்துக் குளிக்கிறவன் கல்லில் காலை வைத்து அடிக்குப் போவான், அவன் இடுப்பிலிருந்து ஒரு கயிறு மேலே தோணிக்கு வரும், அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் அவன் மச்சானாக இருக்க வேண்டும். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ பிடிப்பான். கல்யாணம் ஆகாதவனுக்கு அக்காள் தங்கச்சியின் புருஷன் பிடிப்பான். வேறு எவன் கையையும் அந்தக் கடல் நம்பாது, ஏனென்றால் தன் கூடப்பிறந்தவள் தாலியை எந்தப் பாவியும் கை நழுவ விடமாட்டான், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனை விட்டுவிட்டு எவனும் வீடு திரும்பவும் மாட்டான். இன்னொன்றும் உண்டு: மச்சான் இழுக்காமல் குளியாள் தானாக நீந்தி மேலே வரக்கூடாது. வந்தால், "உன் கையை நான் நம்பல மச்சான்" என்று ஊருக்கு முன்னால் சொன்னதாக அர்த்தம். தொம்மைக்கு அக்காள் இல்லை, தங்கச்சி இல்லை, கல்யாணம் ஆகவில்லை. மூச்சு தீராத ஒருவன் கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் கரையில் கிடந்தான்.

அவன் குளிக்கத் துடித்தது முத்துக்காக இல்லை. போன சலாபத்தில் அவன் அப்பா கஸ்பார் போனவர் போனவர்தான். கயிறு பிடித்தவர் சந்தியாகு, தொம்மையின் தாய்மாமன். இழுத்தார், வெறும் கயிறு வந்தது, முனை பாறையில் தேய்ந்து பிசிர் பிசிராக. அன்றிலிருந்து சந்தியாகு எந்தக் கயிற்றையும் தொட்டதில்லை, கிணற்றில் தண்ணீர்கூட அவர் பெண்சாதிதான் இறைத்தாள். தங்கச்சியான தொம்மையின் அம்மா பவுலீனாவும் அவரும் ஒரே தெருவில் இருந்துகொண்டு பதினோரு வருஷமாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. "அப்பா எங்கன கெடக்காருன்னு ஒரு தடவை பாத்துட்டு வந்திரணும், எலும்பாவது அம்மாவுக்குக் கொண்டாந்து கொடுக்கணும்" என்று தொம்மை சொல்வான். அவனுக்கு அது ஒன்றே வேண்டியிருந்தது.

"நான் பிடிக்கேன்" என்றாள் கித்தேரி.

"பொம்பளைய தோணியில ஏத்த மாட்டாவ."

"ஏத்துவாவ. எல்லாத்தையும் சொல்லிருவோம்."

இராயப்பன் பதறினான். "ஏ, என் கதையச் சொல்லிராத தாயீ, எங்கப்பா தூக்கு மாட்டிக்குவாரு."

"உன்னுத விட்டுருதேன். எங்க ரெண்டு பேரோடது மட்டும்."

மாதா கோவில் முற்றத்தில் ஊர் கூடியது, தொம்மையின் மூச்சைப் பழைய கிணற்றுக் கதையை வைத்து நம்பியது, கித்தேரியின் கையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றது. பட்டங்கட்டி, அதாவது ஊர்த்தலைவர், ஒரு கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் கித்தேரி மறுமுனையைப் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, உங்களுக்கு இடது தோள்பட்டைக்குக் கீழ அரிக்குது. இத்தனை பேர் இருக்கும்போது எப்படிச் சொறியதுன்னு வெக்கப்படுதிய."

கதவுக்குப் பின்னாலிருந்து பரபரவென்று சொறிகிற சத்தம் வந்தது.

"அப்புறம், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுல வைக்கப்போற குழம்ப நெனச்சு..."

"போதும் தாயே, போதும்!" என்று பட்டங்கட்டி வெளியே வந்துவிட்டார்.

இப்போது பாருங்கள், அந்தப் பெண்ணின் கைக்கு இது எப்படித் தெரிகிறது என்று அங்கே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஊருக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இருந்தது: இவள் அவனுக்கு என்ன முறை? மச்சான்தான் கயிறு பிடிக்கலாம், மச்சான் ஆம்பிளை, இவள் பொம்பளை, சரி, இவளை ஆம்பிளை என்று வைத்துக்கொண்டால் இவள் யாருடைய அண்ணன், அந்தத் தங்கச்சி எங்கே என்று காலையில் ஆரம்பித்த பேச்சு உச்சிவெயில்வரை ஓடியது. சாமியாரிடம் கேட்டார்கள், வேதப் புத்தகத்தில் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் தலையைச் சொறிந்தார். கடைசியில் பட்டங்கட்டி எழுந்து, கயிறு கையில் இருக்கும்வரை இவள் மச்சான், கயிற்றைக் கீழே வைத்துவிட்டால் பெண்பிள்ளை, இதற்குமேல் எவனும் கேள்வி கேட்கக்கூடாது என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. மறுநாள் விடியும்போது அவள் அம்மா அழுதுகொண்டே தலைப்பாகை கட்டிவிட்டாள், அவள் அப்பா மட்டும், "அப்ப நான் இவளுக்கு என்ன முறைடி?" என்று பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டே துறைவரை வந்தார். கரையில் நின்ற கிழவர்கள்கூட எழுந்து, "வாங்க மச்சான், பாத்து ஏறுங்க" என்று கையைக் கொடுத்தார்கள்.

அது திங்கட்கிழமை. தொம்மை கல்லில் காலை வைத்து, சிலுவை போட்டு, கித்தேரியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, எட்டாள் ஆழத்துக்குள் போனான். மற்றக் குளியாட்கள் போய் வந்தார்கள், மறுபடி போய் வந்தார்கள், வெயில் ஏறியது, தொம்மை வரவில்லை. தோணியில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கத் தொடங்கியபோது கித்தேரி சொன்னாள்:

"இருக்கான். நல்லாத்தான் இருக்கான். உக்காந்திருக்கான். பக்கத்துல இன்னொரு ஆளு இருக்கு." அவள் கண்ணை மூடிக் கயிற்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அவுக அப்பா. கஸ்பார் மாமா. உசுரோடதான் இருக்காரு. மகனுக்கு இருக்கற மூச்சு அப்பன்கிட்ட இருந்து வந்ததுதான் போல."

தோணியில் இருந்தவர்கள் எல்லாரும் சிலுவை போட்டார்கள். பிறகு தோணியை நடத்துகிற தண்டையல், "அவரு ஏன் மேல வரலியாம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"மச்சான் இழுக்கலியாம். கயிறு அறுந்து கையை விட்டுப் போச்சாம். தானா நீந்தி வந்தா மச்சானுக்கு அவமானமாச்சேன்னு உக்காந்திருக்காரு. இப்ப இழுப்பான், இப்ப இழுப்பான்னு பாத்துக்கிட்டே இருக்காரு."

பதினோரு வருஷம்! வேறு ஊராக இருந்தால் பைத்தியக்காரன் என்பார்கள். தாழந்துறைக்காரர்கள் தலையை ஆட்டி, ஆமாம், கஸ்பார் அப்படிப்பட்ட ஆள்தான், மரியாதை தெரிந்தவன் என்றார்கள்.

பத்துப் பேர் சேர்ந்து தொம்மையின் கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். அவன் அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பாறையில் காலை ஊன்றி வர மறுத்தான், கயிறு பாறை விளிம்பில் உரசியது, கித்தேரி "விடுங்க, விடுங்க, அறுந்திரும்!" என்று அலறிய அலறலில் பத்துப் பேரும் கையை எடுத்துவிட்டார்கள். அப்பா இல்லாமல் வரமாட்டேன் என்கிறான். வேறு எவன் கயிறும் வேண்டாம், மச்சான்தான் இழுக்க வேண்டும் என்கிறார் அப்பா. சந்தியாகுவைக் கூப்பிட ஆள் போனது, என் கை இனிக் கயிற்றைத் தொடாது என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். கித்தேரி கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு தோணியின் முன்பக்கத்து அணியத்தில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் கரைக்குத் திரும்பச் சொல்லித் துப்பாக்கி வெடித்தபோது அந்த ஒரு தோணி மட்டும் நங்கூரம் தூக்கவில்லை.

அடுத்த மூன்று நாளில் அந்த இடம் ஒரு தெருவாகிவிட்டது. மற்றத் தோணிகள் அவளுக்குக் காற்றுக்கு மறைவாக வளைத்து நின்றன, முறை வைத்துக் கஞ்சி வந்தது, கருவாட்டுத் துவையல் வந்தது, அவள் கையை விடக்கூடாது என்பதால் ஊர்ப்பெண்கள் மாற்றி மாற்றி வந்து ஊட்டிவிட்டார்கள். பெண்கள் தோணியில் ஏறலாமா என்ற பேச்சை அதற்குப்பிறகு யாரும் எடுக்கவில்லை. சாமியார் ஒரு வள்ளத்தில் நின்றபடி பூசை வைத்தார். கடலில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் எல்லாரும் வந்து, "மச்சான், எங்க அண்ணன் அங்கன கண்ணுல படுதானான்னு கொஞ்சம் கேளுங்களேன்" என்று கெஞ்சினார்கள். இல்லை என்று சொல்லும்போதெல்லாம் கித்தேரி அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றையே பார்த்தாள்.

துரையும் வந்தார், கையில் கடிகாரம், பக்கத்தில் துபாஷி. மூன்று நாள் தண்ணீருக்கடியில் மனுஷன் உயிரோடு இருக்க முடியாது, பிணத்தை எடுத்துத் தோணியைக் கிளப்புங்கள் என்றார். கித்தேரி ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். அவரும் பிள்ளை விளையாட்டுக்கு உடன்படுகிறவர் மாதிரி பிடித்தார். அவள் துபாஷியைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "அவுக அம்மாவுக்கு ஒடம்பு சுகமில்லன்னு போன கப்பல்ல கடுதாசி வந்திருக்கு. இந்தக் கப்பல்ல கடுதாசியே வரல. அதையே நெனச்சுக்கிட்டு இருக்காரு, ஒருத்தர்கிட்டயும் சொல்லல." துபாஷி அதை மொழிபெயர்த்தார். துரை கயிற்றின் முனையை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு, கச்சான் என்கிற மேல்காற்று திரும்புகிறவரைக்கும், அதாவது வருகிற ஞாயிறுவரைக்கும் இருக்கலாம், அதற்குமேல் என் கையில் இல்லை, காற்றின் கையில் என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டாம் நாளிலிருந்தே கித்தேரிக்கு ஒரு பயம் வந்திருந்தது, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அவள் உள்ளங்கையில் அவித்த பனங்கிழங்கின் மணம் வந்தது. தொம்மைக்கு ரொம்பப் பிடித்த மணம். வந்தது என்றால், அவனை விட்டு அவளிடம் வந்துவிட்டது. அதற்குப்பிறகு அவனிடம் அது இல்லை. கடலடியில் இருக்க இருக்க நிலம் மறந்துபோகிறது, மறக்கிறது ஒவ்வொன்றும் கயிற்றில் ஏறி அவள் கைக்கு வருகிறது. அம்மாவின் தாலாட்டு வந்தது, வீட்டுக்குப் போகிற வழி வந்தது, கிணற்றுத் தவளை வந்தது, இராயப்பனின் முகம் வந்தது. கஸ்பார் மாமாவுக்கு எல்லாம் என்றைக்கோ போய்விட்டது, கயிறு இல்லாததால் அவருடையது கடலோடு போயிற்று, அவரிடம் மிச்சம் இருந்தது மச்சான் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தாழைப்புதர் ஓரமாக முள் குத்தின காலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நொண்டி, தாழையை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருக்கிற ஒரு பெண் அவள் கைக்கு வந்தாள். யாரடா இந்த அழகி என்று கித்தேரி ஒரு கணம் நினைத்தாள். அது அவளேதான். தொம்மை ரெண்டு வருஷமாக யாரிடமும் காட்டாமல் வைத்திருந்த கித்தேரி. அந்தப் படத்தோடு சேர்ந்து வந்த அவன் நெஞ்சடிப்பு அவள் நெஞ்சில் வந்து இடித்தது. ஐயோ, இவனுக்கு இப்படி ஒரு நினைப்பா என்று சந்தோஷப்படுவதற்குள், இப்போது அதுவும் அவனிடம் இல்லை என்று புரிந்து, ஏழு நாளில் முதல்தடவையாக அவள் ஓங்கி அழுதாள்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். இன்னும் ஒருநாள், அதற்குப்பிறகு மேலே வர வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துவிடும்.

கஞ்சி ஊட்ட வந்திருந்த பவுலீனா கலயத்தைக் கீழே வைத்தாள். வள்ளத்தைக் கரைக்குத் திருப்பச் சொன்னாள். போய், ஒரு மணி நேரத்தில் அண்ணன் சந்தியாகுவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் தோணிக்குள் ஏறி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அண்ணே," என்றாள் பவுலீனா, எல்லார் முன்னாலும். "நீ கையை விட்டேன்னு நெனச்சு நான் பேசாம இருக்கல. உன் மூஞ்சியப் பாத்தா அவரு நெனப்பு வரும், அதான். இன்னிக்குப் பேசிருவோம், நாளைக்குப் பேசிருவோம்னு தள்ளிப்போட்டே பதினோரு வருஷம் போயிருச்சு. தப்பு எம்மேலதான்."

"கையி மறந்து போச்சு பவுலீனா. என்னால ஆவாது."

"மாமா," என்றாள் கித்தேரி. "அவரு உங்க மேல கோவமா இல்ல. மச்சான் இன்னும் இழுக்கலியே, அவனுக்கு ஒடம்புக்கு ஏதும் ஆயிருச்சோ, காய்ச்சலோ என்னமோன்னு உங்களுக்காகக் கவலப்பட்டுக்கிட்டு இருக்காரு. அவருக்கு வேற ஒண்ணுமே ஞாபகம் இல்ல மாமா."

சந்தியாகு அப்படியே தோணிப் பலகையில் உட்கார்ந்து, பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, "கொண்டா கயித்த" என்றார்.

கயிறு இருந்தது, அதை யார் கஸ்பாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது? காற்று அதற்குள் ஒரு பக்கம் திரும்பத் தொடங்கி, அடியில் நீர் கலங்கி இழுத்தது. மூன்று குளியாட்கள் போய்ப் பார்த்து வெறுங்கையோடு வந்தார்கள், கல் கட்டிவிட்ட கயிற்றை நீரோட்டம் எங்கோ கொண்டுபோனது. அப்போது பக்கத்து வள்ளத்தில் அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த இராயப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"லே, வேண்டாம்லே, உங்கப்பா..." என்றாள் கித்தேரி.

"எங்கப்பா என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போறாரு. அவன் என் மூஞ்சிய மறந்துட்டான்னு நீ சொன்ன இல்ல?" என்று சொல்லிவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து, தொடைவரை காலைத் தண்ணீருக்குள் விட்டான்.

நாலு திசையிலிருந்தும் சுறாக்களின் முதுகுத் துடுப்புகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன, பெரிசும் சிறிசுமாக, எண்ணி மாளவில்லை. தோணிக்காரர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, சுறாக்கள் அவன் முழங்காலில் தாடையை வைத்துக் கிறங்கின. அவன் ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுத்து, கடைசியாக வந்த ஒரு கிழட்டுச் சுறாவின் காதிருக்க வேண்டிய இடத்தில் குனிந்து என்னமோ சொன்னான். அது கயிற்றின் முனையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு கீழே போனது. கடல்கட்டி கரையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நல்லவேளை, சாமர்த்தியசாலி. என் மந்திரத்தில் கட்டுப்பட்டுக் கட்டுப்பட்டுச் சுறாவெல்லாம் நாய்க்குட்டியாகிவிட்டது பார்த்தீர்களா என்று அன்று சாயங்காலமே சொல்லத் தொடங்கிவிட்டார், ஊரும் ஆமாம் ஆமாம் என்று ஒப்புக்கொண்டது.

சந்தியாகு கையில் கயிறு மூன்று தடவை வெடுக், வெடுக் என்று துடித்தது. அவர் பலகையில் காலை ஊன்றி இழுத்தார். கையை மாற்றி மாற்றி, ஒரு முழம் இழுத்தால் ஒரு வயசு குறைகிற மாதிரி இழுத்தார். அந்தக் கயிறு அசைந்ததைக் கீழே பார்த்துவிட்டுத்தான் தொம்மையும் பாறையிலிருந்து காலை எடுத்தான், கித்தேரி அதைக் கையில் உணர்ந்து, பக்கத்தில் உதவிக்கு வந்தவர்களை முழங்கையால் தள்ளிவிட்டுத் தானே இழுத்தாள்.

முதலில் கஸ்பார் தலை தெரிந்தது. ஒரு முடி நரைக்கவில்லை. முப்பது வயசில் போனவர் முப்பது வயசிலேயே தோணியைப் பிடித்து ஏறி, கண்ணில் தண்ணீரை வழித்துவிட்டு, "என்ன மச்சான், ஒடம்பு கிடம்பு சரியில்லையா? தலையெல்லாம் என்ன இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டார். சந்தியாகு அவரைக் கட்டிக்கொண்டு கன்னத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். பவுலீனா பின்னாலிருந்து, பதினோரு வருஷமா சோறு ஆறிக்கிட்டுக் கெடக்கு, மரியாதையாம் மரியாதை, மச்சான் மேல இருக்கற மரியாதையில கால்வாசி கட்டினவ மேல இருந்தா ஆகாதா என்று ஒரேயடியாக ஏசித் தீர்த்தாள். கஸ்பார் பணிவாக நின்று முழுசும் கேட்டுவிட்டு, "யாரு மச்சான் இந்தம்மா?" என்று காதோடு கேட்டார்.

"உன் பொண்டாட்டி. என் தங்கச்சி."

"உன் தங்கச்சியா? அப்ப நல்லவளாத்தான் இருப்பா" என்று சொல்லிவிட்டு அவர் பவுலீனாவைப் பார்த்துச் சிரித்தார், அவளுக்கு ஏச்சு பாதியில் நின்றுபோனது.

பிறகு தொம்மை வந்தான். மெலிந்து, உதடு வெளுத்து, கண் மட்டும் பெரிசாக. கித்தேரி அவனைத் தோளைப் பிடித்துத் தூக்கித் தோணிக்குள் போட்டாள். அவன் எழுந்து உட்கார்ந்து, சுற்றி இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் இரத்தம் கசிகிற அவள் உள்ளங்கையைப் பார்த்தான்.

"கயிறு பிடிச்சது நீங்களா?" என்று கேட்டான். "ரொம்ப உபகாரம். நீங்க யாருன்னு தெரியலியே."

பிறந்ததிலிருந்து அவளை ஏட்டி, போட்டி என்று கூப்பிட்டவன். கித்தேரி தலைப்பாகையை அவிழ்த்து அவன் தலையைத் துவட்டினாள். "நான் கித்தேரி. பெறவு சொல்லுதேன்" என்றாள்.

மறுநாள் கச்சான் காற்று திரும்பியது, துரை கூடாரத்தைப் பிரித்தார், வியாபாரிகள் போனார்கள். ஊர் தன் பாட்டுக்கு மாறிக்கொண்டது. பெண்டாட்டியைவிட ஏழு வயசு இளையவனாகிவிட்ட புருஷனைப் பவுலீனா என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு வாரம் பேசினார்கள், பிறகு அலுத்து விட்டுவிட்டார்கள். சந்தியாகு தினமும் கிணற்றில் தண்ணீர் இறைத்தார், யார் வீட்டுக்கு வேண்டும் என்றாலும் இறைத்துக் கொடுத்தார்.

கித்தேரி, தொம்மையிடமிருந்து வந்ததைத் தொம்மைக்கே திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். இருவரும் ஒரு கயிற்றின் இரு முனையைப் பிடித்து உட்கார்ந்து பார்த்தார்கள், ஒன்றும் இறங்கவில்லை. கயிறு ஏற்றத் தெரிந்ததே தவிர இறக்கத் தெரியாதது. ஆகையால் வாயால் சொல்லத் தொடங்கினாள். தினமும் மத்தியானம் வலை காய்கிற இடத்தில் உட்கார்ந்து, இது உன் அம்மா பாடின தாலாட்டு, இது உன் வீட்டு வழி, இங்கே மூன்றாவது படியில் கால் இடறும், பனங்கிழங்கை நீ தோலோடு தின்பாய் என்று ஒன்று ஒன்றாகச் சொன்னாள். நடுவில் கொஞ்சம் விஷமமும் செய்தாள்: "நான் வந்தா நீ எப்பவும் எந்திரிச்சு நிப்ப." அவனும் பாவம் மூன்று நாள் எழுந்து நின்றான், இராயப்பன் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கும்வரை.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருநாள் எல்லாம் சொல்லி முடிந்தது. கித்தேரி மண்ணில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தொம்மை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றான்.

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சொல்லியாச்சு."

"பொய் சொல்லுத. எல்லாத்தையும் என் மூஞ்சியப் பாத்துச் சொன்ன, இப்ப மண்ணப் பாத்துச் சொல்லுத. கெட்ட விசயமா?"

"இல்ல." அவளுக்கு முகம் சுட்டது. "நல்லதுதான். ஆனா அத நான் சொல்லி நீ தெரிஞ்சுக்கிட்டா அது உன்னுதா இருக்காதுலே. நான் கொடுத்ததா இருக்கும். அதுக்கு அது போனது போனதாவே இருக்கட்டும்."

காற்றில் வலை ஆடிக்கொண்டிருந்தது. தொம்மை கொஞ்சம் நகர்ந்து, அவள் உள்ளங்கையைத் திருப்பி, ஏழு நாள் கயிறு அறுத்த தழும்பின்மேல் தன் விரலை வைத்தான்.

"அப்படின்னா நீ சொல்லாண்டாம்" என்றான். "மொத தடவ எப்படி ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியாது ஏட்டி. ரெண்டாவது தடவ ஆரம்பிச்சு இருவது நாளாச்சு."

கித்தேரி அழுதாளா சிரித்தாளா என்று தூரத்தில் வலை மடித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கோவிலில் மணி அடித்தது, எல்லாரும் எழுந்து போனார்கள், அவர்கள் இரண்டு பேரும் போகவில்லை.